ஏரியையும் மலையையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம்: சேலத்தில் பறவை பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி, தை மாதங்களில் பறவை பார்க்க சேலத்துக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கன்னங்குறிச்சியில் மூக்கனேரி, மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா, மேலே ஏற்காடு. எல்லாம் பக்கம் பக்கமாக இருப்பதால்தான் முதல் தவறே நடக்கிறது. காலையில் ஏரி, பத்து மணிக்குப் பூங்கா, மதியம் ஏற்காடு என்று ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குள் அத்தனையையும் அடக்கப் பார்க்கிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிக்கும்போது உச்சிவெயில் வந்துவிடும். பெரும்பாலான பறவைகள் நிழலில் அடங்கியிருக்கும் நேரம் அது. ஒரு நாளைக்கு ஓர் இடம், மூன்று மணி நேரம், போதும். ஏரிக்கரையில் ஒரே இடத்தில் அரை மணி நேரம் அசையாமல் நின்று பாருங்கள். கோரைக்குள் பதுங்கிய நீலத்தாழைக்கோழி தானாகவே வெளியே வரும்.

விடியற்காலையில் போக வேண்டும் என்பது ஏரிக்குச் சரி. ஏற்காட்டில் குளிர்காலப் பனிமூட்டம் சில நாள் எட்டு, ஒன்பது மணி வரை விலகாது. ஆறு மணிக்குப் போய் நின்று, ஒன்றும் தெரியவில்லை என்று ஏழரைக்கு டீ குடிக்கப் போகிறவர்கள் நல்ல நேரத்தைத் தவறவிடுகிறார்கள். வெயில் முதலில் எந்த மரத்தின் உச்சியில் விழுகிறதோ அங்கே பூச்சிகள் கிளம்பும், பின்னாலேயே சின்னான்களும் ஈப்பிடிப்பான்களும் வந்து சேரும். காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களை அப்போது பாருங்கள். ஏரியிலோ வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்புதான்.

அடுத்தது, நீரில் தெரியும் எல்லாவற்றையும் ‘ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பறவை’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. இது மனதுக்கு வருத்தமாக இருக்கிறது. பாம்புத்தாரா, நீர்க்காகம், முக்குளிப்பான், நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து எல்லாம் நம் ஊர் நீர்நிலைகளிலேயே குஞ்சு பொரிப்பவை. குளிர்காலத்தில் இங்கே வலசை வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வடக்கிலிருந்து, ஆசியாவின் வடபகுதிகளிலிருந்து வருகின்றன. இலைச்சருகைப் புரட்டித் தின்னும் ஆறுமணிக் குருவிக்கு வெளிநாடே தேவையில்லை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு, குளிருக்குத் தெற்கே இறங்குகிறது. எது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், எந்த ஏரியை யாருக்காகக் காப்பாற்ற வேண்டும் என்பதும் புரியும்.

பெயர் சூட்டுவதில் அவசரம் வேண்டாம். குறிப்பாகக் கதிர்குருவிகள். பழுப்பும் பச்சையும் கலந்த சின்னஞ்சிறு பறவைகள் இவை, நிறத்தை நம்பினால் ஏமாந்துவிடுவோம். எந்த உயரத்தில் இருக்கிறது, எப்படிக் கத்துகிறது என்று கவனியுங்கள். புதருக்குள் தாழ்வாக மறைந்துகொண்டு, நாக்கைச் சொடுக்குவது போல ‘டெக், டெக்’ என்றால் அது பெரும்பாலும் பிளித் நாணல் கதிர்குருவி. மர உச்சியில் இலைக்கு இலை தாவிக்கொண்டு ‘சி-வீ’ என்று இரண்டு அசையில் கூப்பிட்டால் பச்சைக் கதிர்குருவியாக இருக்கலாம். செல்போன் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறது, நல்ல உதவிதான். ஆனால் பறவையைக் கண்ணால் பார்க்காமல் அதை அப்படியே பட்டியலில் ஏற்றாதீர்கள். குளிர்காலத்தில் வரும் சாம்பல் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலில் பாடக்கூடியது. தெரியாவிட்டால் ‘கதிர்குருவி’ என்று மட்டும் எழுதுங்கள். அதுவும் நேர்மையான பதிவுதான்.

இப்போது சொல்லப்போவதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய தவறு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பாறைச் சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான் இருக்கிறது. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை, அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டது. அதைப் படமெடுக்க, அதன் குரலையே செல்போனில் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுகிறார்கள். தன் எல்லைக்குள் போட்டிக்கு ஒருவன் வந்துவிட்டான் என்று நினைத்து அது இரையை விட்டுவிட்டுப் பதறி வரும். ஒரு நாளில் நான்கு குழுக்கள் இப்படிச் செய்தால் அதன் காலை முழுவதும் வீண். படம் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, ஒலிக்கவிட வேண்டாம்.

வாத்துக் கூட்டத்தைப் பறக்கவிட்டுப் படம் எடுப்பதும் இதே கொடுமைதான். மாசி, பங்குனியில் திரும்பிப் போகும் நீண்ட பயணத்துக்காக அவை இங்கே உடம்பில் கொழுப்பு சேர்க்கின்றன. ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அதில் கொஞ்சம் கரைகிறது. கரையில் நடக்கையில் ஆள்காட்டி கத்தினால் அங்கேயே நின்றுவிடுங்கள், அது அடங்கிய பிறகு நகரலாம்.

குரும்பப்பட்டியில் பலர் கூண்டுகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கூண்டுக்கு மேலே உள்ள மரங்களில்தான் காட்டுப் பறவைகள். பட்டியல் எழுதும்போது கூண்டுப் பறவையைச் சேர்க்காதீர்கள். காணும் பொங்கல் அன்று அங்கேயும் ஏற்காட்டுப் படகுத்துறைப் பக்கமும் போகவே வேண்டாம், கூட்டம் தாங்காது. அந்த நாட்களில் உங்கள் தெருவிலோ மொட்டைமாடியிலோ நின்று எண்ணுங்கள். 2015 முதல் பொங்கலையொட்டித் தமிழகம் முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் பார்த்து, கண்டதையெல்லாம் இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். மைனாவையும் காகத்தையும் விட்டுவிடாதீர்கள். சாதாரணப் பறவை குறைவதை அரிய பறவைகளின் பட்டியல் காட்டாது.

பைனாகுலர் வாங்கினால் 8x42 எடுங்கள், அதாவது 8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை கொண்டது. பெரிதாகத் தெரியட்டும் என்று 12, 16 மடங்கு வாங்கினால் கை நடுக்கத்தில் எதுவும் நிலையாகத் தெரியாது. அப்புறம், ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்கள் தனியார் இடம். காவலரிடம் கேட்டு உள்ளே போங்கள். காட்டெருமை நடமாட்டம் உண்டு, பறவை பின்னால் தனியாகப் புதருக்குள் இறங்காமல், இருட்டுவதற்குள் சாலைக்கு வந்துவிடுங்கள்.