ஜாவாஸ்கிரிப்ட்ல கைக்கு வந்தது என்ன ஆப்ஜெக்ட்னு பாக்கும்போது பண்ணக்கூடாத தப்புங்க

டீபக் பண்ணும்போது, அதாவது கோட்ல தப்பு எங்கன்னு தேடும்போது, வேரியபிள்ல என்ன வந்து உக்காந்திருக்குன்னு புரியலன்னா முக்காவாசி பேர் டைப்ஆஃப் (typeof, மதிப்போட வகைய சொல்றது) போட்டுப் பாப்பாங்க, அது "ஆப்ஜெக்ட்"னு சொல்லும், சரின்னு நம்பி அடுத்த லைனுக்குப் போயிடுவாங்க. அர்ரேக்கும் (வரிசைப் பட்டியல்) அதே பதில்தான், டேட்டுக்கும் (தேதி) மேப்புக்கும் (சாவி-மதிப்பு ஜோடிகள்) அதேதான், நல் (null, மதிப்பே இல்லங்கறது) வேல்யூவுக்குக்கூட அதேதான் வரும். இந்த நல் விஷயம் 1995ல மொழி வந்தப்பவே ஒட்டிக்கிட்ட பக், திருத்தினா ஓடிட்டிருக்கற பழைய கோடெல்லாம் உடையும்னு அப்படியே விட்டுட்டாங்க. அதனால "ஆப்ஜெக்ட்"னு வந்தவுடனே உள்ள இருக்கற ப்ராப்பர்ட்டிய தொடாதீங்க, முதல்ல நல் இல்லன்னு உறுதி பண்ணிக்குங்க.

எனக்கு ரொம்ப ஆபத்தா படறது ப்ளஸ் போட்டு ஸ்ட்ரிங்கோட ஒட்டி லாக் பண்றதுதான் (console.log போட்டு கன்சோல்ல காட்டறது). சாதா ஆப்ஜெக்டா இருந்தா "[ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்]"னு வந்து நிக்கும், அதாவது பரவால்ல, ஏதோ சரியில்லன்னாவது தெரியும். ஆனா நம்பர் 5, ஸ்ட்ரிங் "5", ஒரே ஒரு 5 இருக்கற அர்ரே, மூணையும் ஒட்டிப் பாருங்க, மூணுமே வெறும் 5னுதான் தெரியும்! ப்ளஸுக்கு பதிலா கமா போட்டு தனி ஆர்க்யுமென்ட்டா குடுத்தா கன்சோலே வித்தியாசத்த காட்டிடும்.

கமா போட்டாலும் இன்னொண்ணு இருக்கு. ப்ரௌசர் கன்சோல்ல அந்த சின்ன முக்கோணத்த அழுத்தி விரிக்கும்போது தெரியறது லாக் ஆன நேரத்து மதிப்பு இல்ல, விரிக்கற நேரத்து மதிப்பு, நடுவுல வேற கோட் மாத்தியிருந்தா மாறினதத்தான் பாப்பீங்க. ப்ரேக்பாயிண்ட் வச்சு, அதாவது கோட அந்த லைன்லயே நிறுத்திப் பாக்கறதுதான் நம்பகமானது. ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை (JSON.stringify, ஆப்ஜெக்ட எழுத்தா மாத்தறது) போட்டா சரியாயிடும்னு சிலர் சொல்வாங்க, ஆனா அது மேப்ப வெறும் {} ஆக்கிடும், டேட்ட ஸ்ட்ரிங் ஆக்கிடும், ப்ராப்பர்ட்டில ஃபங்ஷனோ அன்டிஃபைன்டோ (undefined, மதிப்பு குடுக்கவே இல்லங்கறது) இருந்தா சத்தமில்லாம தூக்கிடும். டைப் என்னன்னு தேடறவங்களுக்கு இது வேணவே வேணாம்.

அர்ரேவான்னு பாக்க இன்ஸ்டன்ஸ்ஆஃப் (instanceof, எந்த கன்ஸ்ட்ரக்டரோடதுன்னு பாக்கறது) போடாதீங்க, ஐஃப்ரேம்ல (பக்கத்துக்குள்ள வர்ற இன்னொரு பக்கம்) இருந்து வந்த அர்ரேக்கு அது ஃபால்ஸ் சொல்லும், ஏன்னா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தனி அர்ரே கன்ஸ்ட்ரக்டர் (அர்ரேய உருவாக்கற ஃபங்ஷன்) இருக்கு. 2009ல இருந்தே அர்ரே.இஸ்அர்ரே (Array.isArray) இருக்கு, அதையே யூஸ் பண்ணுங்க. மத்த பில்ட்இன்களுக்கு (மொழியிலயே இருக்கற வகைகள்) ஆப்ஜெக்ட்.ப்ரோட்டோடைப்.டுஸ்ட்ரிங்.கால் (Object.prototype.toString.call) நல்லா வேலை செய்யும், டேட்டுன்னா "[ஆப்ஜெக்ட் டேட்]"னே சொல்லும். நீங்களே எழுதின கிளாஸுக்கு கன்ஸ்ட்ரக்டர்.நேம் (constructor.name) பாக்கலாம், ஆனா மினிஃபை ஆன (சைஸ் குறைக்க சுருக்கின) ப்ரொடக்‌ஷன் கோட்ல அந்தப் பேர் ஒத்தை எழுத்தா சுருங்கியிருக்கலாம், அத வச்சு இஃப் கண்டிஷன் மட்டும் எழுதிடாதீங்க.

ஏபிஐல (சர்வர் டேட்டா குடுக்கற வழி) இருந்து டேட்டா வந்திருக்கணும், ஆனா ஃபீல்டு எல்லாமே அன்டிஃபைன்ட்னு வருதுன்னா முதல்ல அவெய்ட் (await, பதில் வர்ற வரைக்கும் காத்திருக்க சொல்றது) விட்டுப்போச்சான்னு பாருங்க, கைல இருக்கறது ப்ராமிஸா (இன்னும் வராத பதிலுக்கான ஆப்ஜெக்ட்) இருக்கும். ஃபெட்ச்சுக்கு (fetch, சர்வர்ல கேட்கற ஃபங்ஷன்) ஒரு அவெய்ட் போட்டா பத்தாது, அதுக்கப்புறம் கூப்பிடற ஜேசன் மெத்தடும் ப்ராமிஸ்தான் குடுக்கும், அதுக்கும் ஒண்ணு போடணும்.