கோத்துகளைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் விழும் பள்ளங்கள்

கி.பி. 376இல் கோத்துகள் என்ற மக்கள் கூட்டம் டான்யூப் ஆற்றைக் கடந்து ரோமப் பேரரசுக்குள் வந்தது. 568இல் லொம்பார்டுகள் என்ற இன்னொரு கூட்டம் இத்தாலிக்குள் இறங்கியது. இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளைப் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் அதே சில பள்ளங்களில்தான் விழுகிறார்கள். 410இல் ரோமைச் சூறையாடிய கோத் தலைவன் அலாரிக்கையும் 455இல் சூறையாடிய வாண்டல்களையும் குழப்புவது போன்ற சில்லறைத் தவறுகளை இங்கே எடுக்கவில்லை. யாராவது ஒருமுறை சுட்டிக்காட்டினால் அவை போய்விடும்.

'ஜோர்டானீஸ் சொல்கிறார்' என்று ஆரம்பிப்பது

ஸ்காண்ட்ஸா தீவிலிருந்து பெரிக் என்ற அரசன் மூன்று கப்பல்களில் கோத்துகளை அழைத்து வந்தான். கட்டுரையின் முதல் பத்தியிலேயே இது வந்துவிடும். கூடவே ஒரு வரைபடம், அதில் ஸ்வீடனிலிருந்து கருங்கடல் வரை தடித்த அம்புக்குறி. அந்த அம்புக்குறியைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

இந்தக் கதை இருக்கும் 'கெட்டிகா' என்ற கோத் வரலாற்றை ஜோர்டானீஸ் 551 வாக்கில் எழுதினார். இத்தாலியை ஆண்ட கோத் அரசர்களிடம் பணிபுரிந்த காசியோடோரஸ் 12 பகுதிகளாக எழுதிய கோத் வரலாற்றின் சுருக்கம் அது. மூல நூல் தொலைந்துவிட்டது. ஜோர்டானீஸ் முன்னுரையில் தானே ஒப்புக்கொள்கிறார்: நூல் மூன்று நாள் இரவலாகத்தான் கிடைத்தது, சொற்கள் நினைவில் இல்லை, பொருளும் நிகழ்ச்சிகளும் நினைவிருக்கின்றன. அந்த முன்னுரையிலேயே பெரும்பகுதி ரூஃபினஸ் என்ற முந்தைய எழுத்தாளரிடமிருந்து எடுத்த வாக்கியங்கள்.

இதோடு முடியவில்லை. டான்யூப் கரையில் பழங்காலத்தில் வாழ்ந்த கெட்டே மக்களும் கோத்துகளும் ஒரே கூட்டம் என்று வைத்துக்கொண்டு அவர் எழுதுகிறார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சு. பாரசீகத்தின் சைரஸை எதிர்த்த தோமிரிஸ் அரசியும் இதனால் கோத் கதைக்குள் வந்துவிடுகிறாள், அமேசான் பெண்களும் வந்துவிடுகிறார்கள். அமேசான் பகுதியைப் படித்துச் சிரிக்கிறவர்கள் பெரிக்கின் கப்பலை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். எந்த அளவுகோலால் என்று கேட்டால் பதில் வராது.

நஷ்டம் பிறகுதான் தெரியும். போலந்தின் விஸ்டுலா ஆற்றுப் பக்கத்தில், தொல்லியலாளர்கள் வீல்பார்க் பண்பாடு என்று அழைக்கும் கூட்டத்தின் கல்லறைகளைப் பார்க்கும்போது கண் பெரிக்கையே தேடும். கிடைத்ததைக் காட்டி 'ஜோர்டானீஸ் சொன்னது சரி' என்பீர்கள். அவரை வைத்துக் கல்லறையைப் படித்து, கல்லறையை வைத்து அவரை நிரூபிப்பது செக்குமாட்டுச் சுற்று. எடுத்த குறிப்புகள் முழுவதையும் கிழித்துப்போட வேண்டியதுதான்.

அதற்காக நூலையே தூக்கி எறியவும் கூடாது. 449இல் ஹூன் அரசன் அட்டிலாவிடம் தூது போன குழுவில் இருந்த பிரிஸ்கஸைப் பெயர் சொல்லியே ஜோர்டானீஸ் பயன்படுத்துகிறார். அட்டிலா பற்றிய அந்தப் பகுதிகளின் மதிப்பே வேறு.

ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் நான்கு விவரம் எழுதுங்கள்: நிகழ்ந்த ஆண்டு, எழுதிய ஆண்டு, இடைவெளி, ஆசிரியர் யாரிடமிருந்து எடுத்தார் என்பது. கோத்துகள் ரோமானியரை 378இல் வென்ற அட்ரியானோப்பிள் போரை வரலாற்றாசிரியர் அம்மியானஸ் 390 வாக்கில் எழுதினார், இடைவெளி சுமார் 12 ஆண்டு. லொம்பார்டுகளின் 568 வருகையை டீக்கன் பவுல் எழுதியது 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இருநூறு ஆண்டுக்கு மேல். பெரிக்குக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கோத் அரசு தோன்றி ஏறக்குறைய 2,030ஆம் ஆண்டில் வீழ்ந்தது என்பது ஜோர்டானீஸே தரும் எண்.

தாசிட்டஸை 5ஆம் நூற்றாண்டுக்குச் சாட்சி அழைப்பது

ஜெர்மானியர்களைப் பற்றிய 'ஜெர்மானியா' நூலை அந்த ரோமானிய எழுத்தாளர் எழுதியது 98இல். வேண்டாம்.

எல்லோரையும் 'ஜெர்மானியர்' என்பது

அந்தக் காலத்து ரோமானியர்கள் கோத்துகளைப் பொதுவாக அப்படிச் சொல்லவில்லை. பெரும்பாலும் ரைன் ஆற்றுப் பக்கத்துப் பிராங்குகளுக்கும் அலமானிகளுக்கும்தான் அந்தப் பெயர். 6ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ப்ரொகோப்பியஸ் கோத், வாண்டல், விசிகோத், கெபிடு ஆகியோரைக் 'கோத்திக் மக்கள்' என்று ஒரு கூட்டமாக்குகிறார், பிராங்குகளை அதில் சேர்க்கவில்லை. மொழியைப் பற்றிப் பேசும்போது 'ஜெர்மானிய' என்ற சொல் சரியானது. வுல்ஃபிலா மொழிபெயர்த்த கோத் பைபிளின் மொழி அந்தக் குடும்பம்தான். அதை வைத்துச் சட்டம், சமயம், உடை எல்லாம் ஒன்றே என்று தாவுவதில்தான் கோளாறு. 406 கடைசியில் ரைனைக் கடந்த கூட்டத்தில் இருந்த அலன்கள் ஈரானிய மொழிக்காரர்கள்.

கல்லறைப் பொருளை வைத்து இனம் சொல்வது

பிராங்க் அரசன் சில்டெரிக்கின் கல்லறை 1653இல் இன்றைய பெல்ஜியத்தின் தூர்னேயில் வெளிப்பட்டது. கார்னெட் என்ற செந்நிறக் கல் பதித்த வாளும் தங்கத் தேனீக்களும் இருந்தன. உடனே 'ஜெர்மானிய வீரன்' என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். முத்திரை மோதிரத்தைக் கவனியுங்கள். அதில் அரசனின் உருவம்: நீண்ட தலைமுடி, கையில் ஈட்டி, உடம்பில் ரோமானியப் படைத்தலைவர் உடை. சுற்றிலும் 'சில்டெரிக் அரசனுடையது' என்று லத்தீனில் எழுத்து. மேலாடையைப் பூட்டிய தங்கக் கொக்கியும் ரோமானிய உயர் அதிகாரிகள் அணியும் வகை. அவன் எந்தப் பக்கம் என்று அந்தக் கல்லறை ஒற்றை வார்த்தையில் பதில் தராது.

அசல் மோதிரத்தை வைத்துச் சரிபார்க்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். 1831இல் பாரிஸில் நடந்த திருட்டில் அது போய்விட்டது. நமக்கு மிஞ்சியது அதன் அச்சுப் பதிவும், 1655இல் ஷிஃப்லே என்பவர் வெளியிட்ட படங்களும்.

476இல் மேற்கு ரோமப் பேரரசு முடிந்தது என்பது

அந்த ஆண்டில் பதவி இழந்த பேரரசர் ரோமுலஸ் அகஸ்டுலஸ். அவருக்கு முந்தைய பேரரசர் ஜூலியஸ் நெப்போஸ் தல்மேஷியாவில் 480 வரை உயிரோடு இருந்தார்.

எந்தத் தியோடரிக்?

அந்தப் பெயரில் பல கோத் அரசர்கள் உண்டு. ஆட்சி ஆண்டைச் சேர்த்தே எழுதுங்கள்.