லண்டனா? வெள்ளிக்கிழமை மாலையை ஒதுக்குங்கள்

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கண்காட்சிகளுக்குத்தான் டிக்கெட். ஆனால் பகலில் கூட்டம் அலைமோதும். மியூசியத்தில் பழங்கால எகிப்திய எழுத்துகள் பொறித்த ரொசெட்டா கல்லைப் பார்க்கப் போனால் முன்னால் நிற்பவர்களின் முதுகைத்தான் பார்க்க முடியும்!

வெள்ளிக்கிழமை மாலை போங்கள். அன்று மட்டும் மியூசியம் இரவு 8.30 வரை, கேலரி 9 வரை திறந்திருக்கும். இரண்டையும் ஒரே மாலையில் முடிக்க நினைக்காதீர்கள், கால் கெஞ்சும். மியூசியத்தின் 33ஆம் அறையை ஒட்டி, கண்ணாடிக்குப் பின்னால் ஆந்திராவின் அமராவதி பௌத்த ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் இருக்கின்றன. பலர் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். அங்கே நிதானமாக நிற்கலாம்.

அப்புறம், சக்கரம் வைத்த பெட்டியை மியூசியத்துக்குள் விடமாட்டார்கள். விமானம் இறங்கி நேராகப் போகிறவர்கள் முதலில் ஹோட்டலில் பெட்டியை வைத்துவிடுங்கள்.