இல்லாத ஆற்றில் பிடித்த இறால்: வடசென்னையிலிருந்து டிஸ்டோபியா கதை எழுதும் முறை

டிஸ்டோபியா கதை, அதாவது சீர்கெட்ட எதிர்காலச் சமூகத்தைக் கற்பனை செய்யும் கதை, எழுத முனைவோர் பலரும் முதலில் கட்டியெழுப்புவது ஒரு கண்காணிப்புக் கோபுரத்தையும், சீருடைக் காவலர்களையும், பெயருக்குப் பதிலாக எண்ணிட்டு அழைக்கப்படும் மக்களையும்தான். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஐரோப்பா கண்ட சர்வாதிகாரங்களிலிருந்து பிறந்த அடையாளங்கள் அவை. அங்கே அவற்றுக்கு வேர் உண்டு. எண்ணூரையோ கொடுங்கையூரையோ களமாகக் கொண்டு எழுதும்போது அவற்றை அப்படியே நட்டுவைத்தால், கதை பயமுறுத்துமே தவிர எவரையும் எதற்கும் பொறுப்பாக்காது. மனித வரலாற்றில் எங்கேனும் ஏற்கெனவே நடந்திராத எதையும் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ என்ற தம் 1985 டிஸ்டோபியா நாவலில் சேர்ப்பதில்லை என்று கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் தமக்கே ஒரு விதி வகுத்துக்கொண்டார். வடசென்னையை எழுதுகிறவர் அந்த விதியை இன்னும் இறுக்கி, இந்தப் பகுதியில் முளைவிட்டிராத எதையும் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

எனவே முதல் வேலை, நிகழ்வைத் தாண்டி அதன் பின்னால் உள்ள ஏற்பாட்டைத் தேடுவது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியதும், அதை ஆட்கள் வாளிகளில் அள்ளியதும் நமக்கு நினைவிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, எண்ணூரில் ஆறு கடலோடு சேரும் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தது. அதே மாத இறுதியில் எண்ணூரின் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் வீடுகளை விட்டு வெளியேறினர். இவற்றைப் பெரிதாக்கி எழுதினால் கிடைப்பது பேரழிவுக் கதை. பாதிக்கப்பட்டவர் யார் என்று முடிவு செய்வது யார், எந்தத் தாளை வைத்து என்று கேட்கத் தொடங்கும்போதுதான் விமர்சனம் பிறக்கிறது.

அப்படிக் கேட்பவருக்கு எண்ணூரிலேயே ஒரு விதை கிடைக்கிறது. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் இருக்கிறது. பின்னர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட வேறொரு வரைபடத்தில் அது இல்லாமற்போனது 2017-இல் பெரும் சர்ச்சையாயிற்று. வரைபடத்தில் நீர்நிலை இருந்தால் அங்கே கட்டுமானத்துக்குத் தடை உண்டு; நீர்நிலை மறைந்தால் தடையும் மறையும். இதைவிடக் கூர்மையான தொடக்கம் வேறெங்கும் கிடைக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

இனி இதை ஒரேயொரு படி உயர்த்துங்கள். இடுப்பளவு நீரில் இறங்கி, பறி என்னும் மீன்கூடையை வாயில் கவ்வியபடி, அடித்தரையைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் இன்றும் அந்தக் கழிமுகத்தில் உள்ளனர். சேறு இருந்த இடங்களில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்க, விரல்கள் அதற்குள்தான் தேடுகின்றன. உங்கள் கதையின் எதிர்காலத்தில், பிறப்பிடச் சான்று இல்லாத இறாலைச் சந்தையில் விற்கக் கூடாது என்று ஒரு விதி வருகிறது. பார்வைக்கு அது நல்ல விதி; நச்சு கலந்த மீனிலிருந்து வாங்குவோரைக் காப்பதற்காக வந்தது. ஒரு பெண் சான்று கேட்டுக் கவுன்ட்டரின் முன் நிற்கிறாள். அலுவலர் திரையில் தேடுகிறார். அவள் சொல்லும் இடத்தில் ஆறு இல்லை. அலுமினியச் சட்டியில் இறால் இன்னும் துள்ளிக்கொண்டிருக்கிறது. அவள் புடவை முழங்கால் வரை நனைந்திருக்கிறது. தரையில் சொட்டும் நீரைத் துடைக்க அலுவலர் ஆளைக் கூப்பிடுகிறார். இந்தக் காட்சியில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு முன்னும் பின்னும் உலகம் எப்படி இயங்குகிறது என்ற விளக்கங்களை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள்.

அதிகாரத்தின் குரலை எழுதும்போது கத்த வேண்டாம். நம் ஊர் அலுவலகத் தமிழில் போதுமான அச்சம் இருக்கிறது: ‘மேற்படி நிலப்பரப்பில் நீர்நிலை ஏதும் இல்லை என ஆவணங்களால் உறுதி செய்யப்பட்டுள்ளதால், அங்கிருந்து பெறப்பட்டதாகக் கூறப்படும் இறாலுக்குப் பிறப்பிடச் சான்று வழங்க வழிவகை இல்லை என மனுதாரருக்குத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.’ இதில் கோபமும் இல்லை, ஆளும் இல்லை. அந்த அலுவலரைக் கொடியவராக்கினால் ஏற்பாடு தப்பித்துவிடும். அவரும் திருவொற்றியூரில் வளர்ந்தவராக, சிறுவயதில் அதே ஆற்று இறாலைத் தின்றவராக இருக்கட்டும். யாருக்கு லாபம் என்பதைப் பாத்திரங்கள் பேசித் தீர்க்க வேண்டியதில்லை; ஆறு இருந்த இடத்தில் என்ன எழும்புகிறது என்று ஓரிரு வரியில் காட்டினாலே வாசகர் கணக்குப் போட்டுக்கொள்வார்.

மக்களை எழுதுவதில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். வடசென்னை என்றதும் அரிவாளும் கஞ்சாவும் எழுதிப் பழகிய கை, எதிர்காலத்திலும் அவற்றையே எழுதுகிறது. சீரழிவுக்கு அங்கே வாழ்பவர்களே காரணம் என்று கதை சொல்லாமல் சொல்லிவிடுகிறது. அடிமையாகிப்போன ஊமைக் கூட்டமாகக் காட்டுவதும் அதே அளவு பொய். இந்தியாவின் தொடக்ககாலத் தொழிற்சங்கங்களுள் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் பெரம்பூர் வட்டாரத்து ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டே உருவானது. அத்தகைய நினைவுள்ள பகுதியில் ஓர் ஆறு காணாமற்போனால் முதல் நாளே மனு எழுதப்படும், மறியல் நடக்கும். ஆகவே உங்கள் கதை பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி, அந்த எதிர்ப்பு எப்படிக் களைப்படைய வைக்கப்பட்டது என்பதுதான். ‘ஆற்றைக் காணோம்’ என்ற மனுவை வாங்க மறுக்கும் அலுவலகம், ‘குட்டை’ என்று எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் சோறு வேக வேண்டும் என்பதற்காக ஒருவர் அப்படி எழுதித் தருகிறார். அடுத்த தெருவும் எழுதித் தருகிறது. சில ஆண்டுகளில் பிள்ளைகள் குட்டை என்றே சொல்லத் தொடங்குகிறார்கள். கோபுரமும் காவலரும் செய்ய முடியாத வேலையை இந்த ஒரு சலுகை செய்துமுடிக்கிறது.

ஆண்டு எதையும் குறிப்பிட வேண்டாம். குறிப்பிட்டால் வாசகர் தொலைவில் நின்றுகொள்வார். எழுதி முடித்ததும் கழிமுகத்தில் தொழில் செய்யும் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். நீர் ஏறி இறங்கும் நேரம், இறாலின் வகை, விலை பேசும் விதம் ஆகியவற்றில் அவர் சொல்லும் திருத்தங்களை மறுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள், ஏனெனில் இவற்றில் ஒன்று பொய்த்தாலும் கற்பனையாகச் சேர்த்த அந்த ஒரு படியை எவரும் நம்பமாட்டார்கள்.

முடிவில் அந்தப் பெண் அலுவலகத்தைக் கொளுத்துவதாகவோ, நல்ல அதிகாரி ஒருவர் வந்து வரைபடத்தைத் திருத்துவதாகவோ எழுத வேண்டாம். இரண்டுமே வாசகரின் பொறுப்பை இறக்கிவைத்துவிடும். விதி அப்படியே நிற்கட்டும். மறுநாள் அவள் மீண்டும் நீரில் இறங்குகிறாள் என்றால், அன்று பிடித்ததை யாரிடம், என்ன பெயரில், எத்தனை குறைந்த விலைக்கு விற்றாள் என்பதையும் எழுதிவிட்டு நிறுத்துங்கள்.