கப்பல் கூலியைக் கட்டியது யார்? குடியேற்ற வரலாறு பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து கோடிக்கணக்கானோர் கடல் கடந்து போய்க் குடியேறினார்கள் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். டிக்கெட்டுக்கு அவர்களிடம் காசு ஏது என்ற கேள்வி மட்டும் பாடப் புத்தகத்தில் வருவதில்லை. அதனால் இதைப் பற்றி எழுதுகிறவர்களும் காணொளி போடுகிறவர்களும் ஆளுக்கொன்றாக அடித்துவிடுகிறார்கள். "சொத்தை விற்றுப் போனார்கள்", "அரசாங்கம் ஓசியில் அனுப்பியது", "கொத்தடிமையாகத்தான் போனார்கள்." மூன்றுமே எங்கோ ஓரிடத்தில் உண்மை. எல்லோருக்கும் பொருத்தினால் மூன்றுமே பொய்.

கணக்குப் போடாமல் பேசுவது

1840-களில் தென் இங்கிலாந்தில் பண்ணைக் கூலிக்கு வாரம் 8 முதல் 10 ஷில்லிங் வரை கிடைக்கும். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலின் மலிவான தட்டில் ஓர் ஆள் போக 15 பவுண்டாவது வேண்டும். வாரம் 9 ஷில்லிங் சம்பாதிப்பவர் ஒரு காசுகூடச் செலவழிக்காமல் சேர்த்தால் 33 வாரம் ஆகும். மனைவியும் வருகிறாள் என்றால் ஒன்றேகால் வருடம். பிள்ளைகளுக்குத் தனி. அந்தக் கூலியில் வயிறு நிறைவதே பெரும்பாடு, சேமிப்புக்கு எங்கே போவது?

அமெரிக்கா அப்படியில்லை. லிவர்பூலிலிருந்து நியூயார்க் போக 4 பவுண்டு அளவில் முடிந்துவிடும். சிறு நிலமோ தட்டுமுட்டுச் சாமானோ விற்றுச் சொந்தக் காசில் போனவர்கள் அங்கே ஏராளம். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் ஏழை போக வேண்டுமானால் வேறு யாராவது பணம் போட்டாக வேண்டும். எந்தக் குடியேற்றத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமலே "குடியேறிகள்" என்று மொத்தமாக எழுதுவதில்தான் பாதிக் குழப்பம் ஆரம்பிக்கிறது. இன்னொன்று: 15 பவுண்டை இன்றைய ரூபாய்க்கு மாற்றிச் சொல்லாதீர்கள். எத்தனை வாரக் கூலி என்று சொன்னால் போதும், வாசகருக்கு உறைக்கும்.

இலவசம் என்றதும் அரசு கஜானா என்று நினைப்பது

ஆஸ்திரேலியாவில் சிட்னி இருக்கும் காலனியான நியூ சவுத் வேல்ஸில் அரசு நிலத்தைச் சும்மா தூக்கிக் கொடுப்பது 1831-இல் நின்றது. ஏக்கருக்குக் குறைந்தது 5 ஷில்லிங் என்று ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் தொழிலாளர்களைக் கப்பலேற்றுவது என்று முடிவானது. இந்த யோசனைக்குப் பின்னால் இருந்த பெயர் எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்ட், குடியேற்றம் பற்றி எழுதிய ஆங்கிலேயர். நிலத்துக்கு விலை வைத்தால் வந்திறங்கும் கூலிக்காரர் உடனே நிலம் வாங்கிவிட முடியாது, சில வருடமாவது பிறரிடம் வேலை பார்த்தாக வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு. தென் ஆஸ்திரேலியாவையே 1834-இல் இந்த அடிப்படையில் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். 1842-இல் ஏக்கர் விலை ஒரு பவுண்டானது. விற்ற தொகையில் பாதி ஆள் கொண்டுவர.

ஆக, பிரிட்டிஷ் வரிப்பணம் இதில் அதிகம் இல்லை. விற்ற நிலம் யாருடையது என்று கேட்டால்தான் கணக்கு முழுமையாகும். அந்த மண்ணின் பழங்குடிகளுக்கு ஒரு பென்னிகூடப் போகவில்லை. கப்பல் கூலியின் முதல் தவணையைக் கட்டியவர்கள் அவர்கள்தான் என்பது என் கருத்து.

இந்தப் பணத்தைச் செலவழித்த வழிகளில் ஒன்று பவுண்டி முறை, அதாவது ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசு தரும் தொகை. 1835-இல் அறிவித்த கட்டணப் பட்டியல் இது: 30 வயதுக்குட்பட்ட கணவன் மனைவி ஜோடிக்கு 30 பவுண்டு, மணமாகாத பெண்ணுக்கு 15, மணமாகாத ஆணுக்கு 10, குழந்தைக்கு 5. பணம் கைக்கு வருவது கப்பலேறும்போது அல்ல. சிட்னியில் இறங்கியபின் அதிகாரிகள் பார்த்து, ஆள் தகுதியானவர்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகு. அதுவும் ஆளைக் கொண்டுவந்தவருக்கு. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் பழைய பதிவேட்டில் பவுண்டி என்று பார்த்ததும் "எங்கள் முன்னோர் இவ்வளவு கடன்பட்டிருந்தார்" என்று எழுதிவிடுகிறார்கள். அவருக்கு அதில் கடனே கிடையாது. அது தரகருக்கும் கப்பல் முதலாளிக்கும் போன தொகை.

அதே நேரம், இலவசப் பயணம் என்றால் கையை வீசிக்கொண்டு போய் ஏறலாம் என்றும் இல்லை. அரசுக் குடியேற்ற ஆணையர்கள் அனுப்பிய கப்பலில் ஏற ஆணுக்கு ஆறு சட்டை, ஆறு ஜோடி காலுறை, இரண்டு ஜோடி காலணி, மேலே போட இரண்டு முழு உடுப்பு கட்டாயம். பெண்ணுக்கு ஆறு உள்ளாடை, இரண்டு ஃபிளானல் பாவாடை, ஆறு ஜோடி காலுறை, இரண்டு ஜோடி காலணி, இரண்டு கவுன். துறைமுகம் வரை வருவதும் சொந்தச் செலவு. வயதையும் தொழிலையும் பொறுத்து ஒரு முன்வைப்புத் தொகையும் உண்டு. மாற்று உடையே இல்லாத குடும்பத்துக்கு இந்தப் பட்டியல் எவ்வளவு பெரிய சுவர் என்று யோசித்துப் பாருங்கள். பல ஊர்களில் திருச்சபைப் பங்கும் (parish, ஏழைகளைக் கவனிக்கும் ஊர் நிர்வாகம்) உள்ளூர்ப் பணக்காரர்களும் சேர்ந்து துணி வாங்கிக் கொடுத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

அனுப்பி வைத்தவரைத் தர்மவான் ஆக்குவது

1834-இன் ஏழைகள் சட்டத் திருத்தத்தின்படி, இங்கிலாந்தில் மேலே சொன்ன திருச்சபைப் பங்குகள் கடன் வாங்கித் தங்கள் ஏழைகளை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அந்தக் கடனை ஐந்து வருடத்துக்குள் அடைத்தவர்கள் போனவர்கள் அல்ல, ஊரில் வரி கட்டிக்கொண்டு தங்கியவர்கள். அவர்களுக்கு அது லாபமாகத்தான் தெரிந்தது, ஏனென்றால் ஆள் இருந்தால் வருடாவருடம் நிவாரணச் செலவு.

அயர்லாந்தில் இது இன்னும் பச்சையாக நடந்தது. 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பின் கெர்ரி மாவட்டத்தின் கென்மேரில் லான்ஸ்டவுன் பிரபுவின் எஸ்டேட்டைக் கவனித்த ஸ்டூவர்ட் டிரெஞ்ச், ஏழை விடுதியில் ஒருவரை வைத்துச் சோறு போடுவதைவிட அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவது மலிவு என்று கணக்குப் போட்டார். பிரபுவும் பணம் கொடுத்தார். திருப்பிக் கேட்கவில்லை. கேட்காததாலேயே அதைத் தானம் என்று எழுதிவிடக் கூடாது.

கடன் கொடுத்தார்கள் என்றால் வசூலானது என்று நம்புவது

பலரும் வழுக்கி விழும் இடம் இது. திட்ட அறிக்கையில் "பயணி தவணையில் திருப்பிக் கட்டுவார்" என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு, கட்டினார் என்று எழுதிவிடுவார்கள். அறிக்கை வேறு, வசூல் பேரேடு வேறு.

1830-களின் தொடக்கத்தில் நியூ சவுத் வேல்ஸ் போகும் கைவினைஞர் குடும்பங்களுக்கு 20 பவுண்டு கடனாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பகுதி திரும்பவே இல்லை. சில வருடத்தில் காலனி அரசு கடன் முறையைக் கைவிட்டு, மேலே சொன்ன பவுண்டிக்கு மாறியது.

அடுத்து வந்தவர் கரோலின் சிஷோம். ஆஸ்திரேலியாவின் 5 டாலர் நோட்டில் ஒரு காலத்தில் இருந்த முகம். நம் ஊருக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. கணவர் ஆர்ச்சிபால்ட் மதராஸ் படையில் அதிகாரி, 1830-களில் கரோலின் சென்னையில் வாழ்ந்தபோது ஐரோப்பியச் சிப்பாய்களின் மகள்களுக்குத் தொழிற்பள்ளி நடத்தினார். பிறகு லண்டனில் குடும்பக் குடியேற்றக் கடன் சங்கத்தைத் தொடங்கினார். குடும்பம் தன்னால் முடிந்ததைச் சேமிக்கும், மீதியைச் சங்கம் வட்டியில்லாமல் கடன் தரும், திரும்பி வரும் பணம் அடுத்த குடும்பத்துக்குப் போகும். கப்பலேறும் முன்பே குடும்பங்களைத் தம் வீட்டுக்கு வரவழைத்துக் குழு குழுவாகப் பழக வைத்தார். ஜாமீன் சொத்து இல்லாத இடத்தில் பழக்கத்தையே ஜாமீன் ஆக்கிய ஏற்பாடு அது, இன்றைய மகளிர் சுய உதவிக் குழு மாதிரி. முதல் கப்பல் 1850-இல் கிளம்பியது. 1851-இல் கணவரே சம்பளம் வாங்காமல் ஆஸ்திரேலியா போய் அங்கே சங்கத்தின் ஏஜெண்டாக இருந்து தவணை வசூலைப் பார்த்துக்கொண்டார். அதே வருடம் தங்கம் கிடைத்த செய்தி பரவி, ஊர் ஊராக ஆட்கள் வேலையை விட்டுச் சுரங்க மேடுகளுக்கு ஓடினார்கள். முகவரி மாறிக்கொண்டே இருக்கும் ஆளிடம் தவணை வாங்குவது எவ்வளவு சிரமம் என்று வசூல் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

1852-இல் ஸ்காட்லாந்தின் மலைநாட்டு, தீவு மக்களை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப ஒரு சங்கம் வந்தது. அதன் தலைவர் சார்லஸ் டிரெவெலியன், 1859-இல் மதராஸ் கவர்னராக வந்து அடுத்த வருடமே திருப்பி அழைக்கப்பட்டாரே, அவர்தான். அவர்கள் குடியிருந்த நிலத்தின் முதலாளி, செலவில் மூன்றில் ஒரு பங்கைத் தர வேண்டும். பயணிகள் புரோநோட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். 1857 வரை சுமார் 5,000 பேர் போனார்கள். நோட்டு இருந்தது, எதிர்பார்த்த பணம் வரவில்லை.

ஏன் வரவில்லை? ஏமாற்றுக்காரர்கள் என்று முடிவு கட்டுவது எளிது. கடன் கொடுத்தவர் லண்டனில் இருக்கிறார், வாங்கியவர் பல மாதக் கடல் பயணத்துக்கு அப்பால் இருக்கிறார், நடுவில் வழக்குப் போட்டால் வசூலைவிடச் செலவு அதிகம். இதையெல்லாம் கொடுத்தவர்களும் அறிந்தே இருந்தார்கள். இந்தக் காலக் கடன் எதைப் படித்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: கட்டாவிட்டால் அவரை யார், என்ன செய்திருக்க முடியும்?

அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவான மார்மன் சபை 1849-இல் தொடங்கிய நிரந்தரக் குடியேற்ற நிதி இதற்கு நல்ல சோதனை. கடன் வாங்கியவரும் கொடுத்தவரும் யூட்டாவில் ஒரே ஊரில், ஒரே சபையில். பணமாகத்தான் கட்ட வேண்டும் என்றில்லை, தானியமாக, மாடாக, உடலுழைப்பாகக் கட்டலாம். அப்படியும் பாக்கி மலையாகக் குவிந்தது. செலவைக் குறைக்க 1856-இல் லிவர்பூலிலிருந்து யூட்டா வரை தலைக்கு 9 பவுண்டு என்று கணக்கிட்டு, கடைசித் தரைவழியில் மாட்டு வண்டிக்குப் பதில் கைவண்டியை இழுத்துக்கொண்டே நடக்க வைத்தார்கள். தாமதமாகக் கிளம்பிய இரண்டு கூட்டங்கள் பனியில் மாட்டி, 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1880-இல் சபை கடனில் பாதியை ஏழைகளுக்குத் தள்ளுபடி செய்தது. 1887-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிதியையே கலைத்தது.

குடும்பத்துக்குள் அடைந்த கடனைக் கணக்கில் விடுவது

சங்கம், அரசு, பிரபு என்று தேடுகிறவர்கள் அக்காவை மறந்துவிடுகிறார்கள். அயர்லாந்தில் மூத்தவள் பாஸ்டனுக்கோ நியூயார்க்குக்கோ போய் வீட்டு வேலை பார்ப்பாள், தம்பிக்கு முன்கூட்டியே பணம் கட்டிய டிக்கெட்டை அனுப்புவாள். தம்பி அவளிடம் திருப்பித் தருவதில்லை, அடுத்த தங்கைக்கு டிக்கெட் வாங்குவான். வட அமெரிக்காவிலிருந்து இப்படி வந்த பணம், டிக்கெட்டையும் சேர்த்து, வங்கி வழியாகத் தெரிந்த அளவில் மட்டும் 1848-இல் 4,60,000 பவுண்டு என்றும் 1853-இல் 14 லட்சத்தைத் தாண்டியது என்றும் குடியேற்ற ஆணையர்கள் கணக்குச் சொன்னார்கள். புரோநோட்டு இல்லாத இந்தக் கடன்தான் நாணயமாக அடைந்த கடன்.

எல்லாவற்றையும் கொத்தடிமை என்பது, எதையும் கொத்தடிமை இல்லை என்பது

கப்பல் கூலிக்காகத் தன்னையே விற்றுக்கொள்ளும் ஜெர்மானியர் கதை 18-ஆம் நூற்றாண்டுக்கு உரியது, 1820-களோடு அநேகமாக ஓய்ந்துவிட்டது. 1850-ஐப் பற்றி எழுதும்போது அதை இழுக்காதீர்கள். அமெரிக்காவே 1864-இல், பயணச் செலவுக்காக ஒரு வருடக் கூலி வரை அடகு வைக்கலாம் என்று சட்டம் போட்டு 1868-இல் திரும்பப் பெற்றது. 1885-இல் ஒப்பந்தத் தொழிலாளர் வருகையையே தடை செய்தது.

ஆனால் பிரேசில் போன சுவிஸ், ஜெர்மன் குடும்பங்களைச் சுதந்திரக் குடியேறிகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாவ் பாவ்லோவில் செனட்டர் வெர்கெய்ரோவின் இபிகாபா காபித் தோட்டத்தில் கப்பல் கூலி, சாந்தோஸ் துறைமுகத்திலிருந்து உள்ளே போன செலவு, முதல் அறுவடை வரை சாப்பாடு எல்லாம் பற்றில் ஏறும். அதற்கு வட்டி. அப்பா இறந்தால் பிள்ளைகள் தலையில். காபியை அளக்கும் படியிலும் நாணய மாற்றிலும் ஏமாற்றுவதாகக் குமுறி, தாமஸ் தவாட்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் முன்னால் நிற்க, 1856 கடைசியில் கிளர்ந்தார்கள். இங்கே கடன் கொடுத்தவரும் முதலாளியும் பேரேடு எழுதுகிறவரும் ஒரே ஆள். லண்டன் சங்கங்களுக்கு இல்லாத பிடி அது.

நம் முன்னோரின் கணக்கைக் குழப்புவது

தென் ஆப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860-இல் மதராஸிலிருந்து முதலில் போன கப்பல் டுரூரோ. அதில் போனவர்களுக்குப் பயணச் செலவு கடன் அல்ல. ஐந்து வருட ஒப்பந்த உழைப்பு அதற்கு ஈடு, பத்து வருடம் இருந்தால் திரும்ப வர இலவசக் கப்பல். வேலைக்கு வராவிட்டால் சிறை என்பதுதான் அங்கே பிடி. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கதையே வேறு. ஆள் சேர்த்து மேய்க்கும் மேஸ்திரியான கங்காணி ஊருக்கு வந்து கொடுத்த முன்பணம், வழிச்செலவு, சோற்றுச் செலவு எல்லாம் தொழிலாளி பேரில் பற்று. அதைத் தீர்த்தால் விடுவோம் என்று துரை எழுதிக் கொடுத்த துண்டு இல்லாமல் வேறு தோட்டம் போக முடியாது. துண்டை எடுத்துக்கொண்டு போனாலும் கடன் தீராது, புதுத் துரை அடைத்து அவர் பேரேட்டுக்கு மாற்றுவார், அவ்வளவுதான். துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921-இல்.

மலாயாவில் ஒப்பந்தமும் கங்காணி முன்பணமும் இரண்டுமே இருந்தன. 1907-இல் முதலாளிகளிடம் வரி வசூலித்து ஒரு குடியேற்ற நிதி வைத்து, கப்பல் கூலியைத் தொழிலாளி பற்றில் ஏற்றாத நிலை வந்தது. எனவே 1890-இல் பினாங்கு போன தாத்தாவையும் 1912-இல் போன தாத்தாவையும் ஒரே வரியில் எழுதாதீர்கள். போன வருடத்தைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.