முதல் பால்பல் ஆடுகிறதா? பதறாமல் செய்ய வேண்டியவை

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறு, ஏழு வயதில் கீழ்வரிசை நடுப்பல்தான் முதலில் ஆடும். ஐந்து வயதில் ஆடினாலும் பயமில்லை. நான்கு வயதுக்கு முன்பே விழுந்தால் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். போன மாதம் என் மகளுக்கு முதல் பல் விழுந்தது. தெரிந்த அம்மாக்கள் பலர் கேட்டதால் எழுதி வைக்கிறேன்.

படி 1: ஆட்டிப் பாருங்கள்

கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் பல்லை மெதுவாக அசையுங்கள். முன், பின், இடம், வலம் என்று எல்லாப் பக்கமும் சாய்கிறது, பிள்ளையும் முகம் சுளிக்கவில்லை என்றால் நேரம் நெருங்கிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் ஆடினால் விட்டுவிடுங்கள். அடியிலிருந்து வரும் நிலைப்பல், பால்பல்லின் வேரைக் கரைய வைத்துக்கொண்டே மேலே வரும். விழுந்த பல்லில் வேரே இல்லாததுபோல் தெரிவது அதனால்தான். வேர் கரைவதற்குள் இழுத்தால் வலிக்கும், ரத்தமும் வரும். நூலைக் கட்டிக் கதவைச் சாத்தும் வித்தையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

படி 2: பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள்

எனக்குத் தூக்கம் போனது இங்கேதான். பால்பல் இன்னும் விழவில்லை, அதற்குள் நாக்குப் பக்கமாகப் புதுப்பல் ஒன்று முளைத்து இரட்டை வரிசையாக நின்றது. "தெத்துப்பல் ஆகிடும், இன்னைக்கே பிடுங்கிடு" என்றார் மாமியார். கீழ் முன்பற்களில் இப்படி முளைப்பது ரொம்பச் சாதாரணம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: முன்னால் இருக்கும் பால்பல் ஆடுகிறதா? ஆடினால் பிள்ளையையே தினமும் நாக்கால் தள்ளச் சொல்லுங்கள். கேரட், ஆப்பிள் எல்லாம் கடித்துத் தின்னட்டும். பால்பல் விழுந்து இடம் கிடைத்ததும், நாக்கு தள்ளத் தள்ளப் புதுப்பல் பெரும்பாலும் தானே முன்னுக்கு நகரும். புதுப்பல் வெளியே வந்தும் பால்பல் அசையவே இல்லை, அல்லது ஆடிக்கொண்டே இரண்டு மூன்று மாதம் ஓடிவிட்டது என்றால் டாக்டரிடம் போங்கள். தேவைப்பட்டால் அவரே எடுத்துவிடுவார்.

படி 3: எடுப்பது

பிள்ளை கையாலேயே எடுக்கட்டும். உங்கள் கை வாய்க்குள் போனால்தான் அழுகை. பல்லைப் பிடிக்க, மருந்துக் கடையில் கிடைக்கும் காஸ் துணிதான் (காயத்துக்குக் கட்டுப்போடும் வலைபோன்ற மெல்லிய துணி) என் தேர்வு. பஞ்சு ஈறில் ஒட்டும், டிஷ்யூ பேப்பர் எச்சிலில் கரையும். காஸ் துணியால் பல்லைப் பிடித்து லேசாகத் திருகினால் கையோடு வந்துவிடும். வரவில்லையா, இன்னும் சில நாள் பொறுங்கள்.

படி 4: ரத்தம்

எச்சிலோடு கலப்பதால் கொஞ்ச ரத்தமே நிறையத் தெரியும். புதுக் காஸ் துணியை மடித்து வைத்துப் பத்து, பதினைந்து நிமிடம் கடிக்கச் சொல்லுங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். அன்றைக்கு வேகமாகக் கொப்பளிக்க வேண்டாம். ஐஸ்கிரீம் கொடுக்கலாம், ஊரே அதைத்தான் லஞ்சமாகக் கொடுக்கிறது. விடாமல் வழிந்துகொண்டே இருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அப்புறம் பல்லை என்ன செய்வது? சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவதுதான் மாமியார் ஊர் வழக்கம். நாங்கள் இருப்பது அடுக்குமாடியில். சாணிக்கு எங்கே போவது? மகள் கொஞ்சம் களிமண்ணில் உருட்டி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக் கூரைமேல் எறிந்தாள். இரண்டாவது வீச்சில்தான் மேலே நின்றது.

பின்சேர்க்கை: சாப்பிடும்போது பல்லை விழுங்கிவிட்டான் என்று ஒருவர் எழுதியிருந்தார். பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். இருமல், மூச்சுத் திணறல் இருந்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இன்னொன்று: கீழே விழுந்து அடிபட்டுப் பால்பல் பெயர்ந்து வந்தால் திரும்பக் குழியில் செருகாதீர்கள், உள்ளே இருக்கும் நிலைப்பல் கெட்டுவிடும். பல்லை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

மூன்றாவதாக ஒரு கேள்வி: புதுப்பல் மஞ்சளாக, நுனி ரம்பம் மாதிரி இருக்கிறதாம். நிலைப்பல் அப்படித்தான் இருக்கும். பக்கத்தில் பால்பல் வெள்ளையாக இருப்பதால் மஞ்சள் தூக்கலாகத் தெரிகிறது. ரம்ப நுனி கடிக்கக் கடிக்கத் தேய்ந்துவிடும். இதே வயதில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் எதுவும் விழாமலேயே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அதுவும் நிலைப்பல்தான், விழுந்து முளைக்காது. சின்னத் தலை பிரஷ்ஷை அங்கே வரை கொண்டுபோய்த் தேய்த்துவிடுங்கள்.