குழந்தைக்கு ஸ்கீயிங்: முதல் பாடம் பிரேக்

பிரேக் போடத் தெரிந்துவிட்டால் பிள்ளைக்குப் பனிச்சரிவின் மேல் இருக்கும் பயம் பாதி போய்விடும். திரும்புவது, லிஃப்ட் ஏறுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். நான்கிலிருந்து எட்டு வயதுக்குள் முதன்முதலாக ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) மாட்டும் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உங்களுக்கே ஸ்கீயிங் வராது என்றால் முதல் இரண்டு படிகளோடு நின்றுகொண்டு, மீதியை ஸ்கீ பள்ளிப் பயிற்றுநரிடம் விட்டுவிடுங்கள். நன்றாக வரும் என்றாலும் அதை யோசித்துப் பார்க்கலாம். அம்மா அப்பாவிடம் அடம்பிடிக்கிற பிள்ளை, வேறொருவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் செய்யும்.

படி 1: பூட்ஸும் மற்ற சாமான்களும்

முதல் நாள் கெட்டுப்போனால் பெரும்பாலும் பூட்ஸ்தான் காரணம். ஸ்கீ பூட்ஸின் அளவு பாதத்தின் நீளம்தான், சென்டிமீட்டரில். பாதம் 19 செ.மீ. என்றால் 19-இல் தொடங்கிப் போட்டுப் பாருங்கள். அடுத்த வருஷமும் ஆகட்டுமே என்று பெரிதாக எடுக்காதீர்கள். உள்ளே கால் நழுவினால் ஸ்கீ சொன்னபடி கேட்காது. முழங்காலை முன்னால் மடக்கும்போது குதிகால் மேலே எழும்பாமல் இருந்தால் அளவு சரி.

காலுறை ஒரே ஜோடி, மெல்லியதாக, கம்பளியிலோ செயற்கை இழையிலோ இருக்கட்டும். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக் காலைச் சில்லிட வைக்கும். பூட்ஸுக்குள் காலுறையைத் தவிர எதுவும் போகக்கூடாது. உள்பேண்ட்டின் ஓரம் சுருண்டு முன்னங்கால் எலும்பில் அழுத்தினால் அரை மணி நேரத்தில் "கால் வலிக்குது" என்று அழுகை வரும். நாம் அதைப் பயம் என்று நினைத்துக்கொண்டு சமாதானம் செய்துகொண்டிருப்போம். பக்கிளைப் போடுவதற்கு முன் விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள்.

ஸ்கீயை நிமிர்த்தி வைத்தால் அதன் நுனி பிள்ளையின் மார்புக்கும் தாடைக்கும் நடுவில் வரவேண்டும். கைக்கோல்கள் இப்போதைக்கு வேண்டாம். ஹெல்மெட்டில் இஎன் 1077 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்2040 என்ற பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கீயை வாடகைக்கு எடுக்கும்போது எடையைக் கேட்பார்கள். குத்துமதிப்பாகக் கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கின் இறுக்கத்தை அந்த எடையை வைத்துத்தான் அமைப்பார்கள். அதை இறுக்கமாக வைத்துவிட்டால், விழும்போது ஸ்கீ கழலாமல் காலைத் திருகிவிடும். சன்ஸ்கிரீனும் காகில்ஸும் கட்டாயம். புதுப்பனி புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும்.

படி 2: சமதரையில் விளையாட்டு

முதலில் வெறும் பூட்ஸோடு நடக்கட்டும். பிறகு ஒரு காலில் மட்டும் ஸ்கீயை மாட்டி, மற்ற காலால் தள்ளித் தள்ளிப் போகட்டும். கால் மாற்றி அதையே செய்யட்டும். அப்புறம் இரண்டு ஸ்கீயும்.

விழுவதையும் இங்கேயே பழக்குங்கள். பின்னால் உட்கார்ந்தால் ஸ்கீ ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் பக்கவாட்டில் சாயச் சொல்லுங்கள். எழும்போது இரண்டு ஸ்கீயும் சரிவுக்குக் குறுக்கே, உடம்புக்குக் கீழ்ப்பக்கமாக இருக்கவேண்டும். மேட்டுப் பக்கம் கையை ஊன்றி எழவேண்டும். முடியவில்லையென்றால் ஒரு ஸ்கீயைக் கழற்றிக்கொள்ளலாம். நீங்கள் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். தானாக எழுந்த பிள்ளைக்கு அடுத்த முறை விழுவது பெரிய விஷயமாகவே தெரியாது.

படி 3: பீட்சா

ஸ்கீயின் முன்நுனிகள் கிட்டவும் பின்நுனிகள் அகலமாகவும் இருக்கும் ஆப்பு வடிவத்துக்குப் பயிற்றுநர்கள் பிள்ளைகளிடம் சொல்லும் பெயர் பீட்சா. இரண்டு ஸ்கீயும் இணையாக இருந்தால் பிரெஞ்சு ஃப்ரை. பீட்சா எவ்வளவு அகலமோ அவ்வளவு பிரேக்.

இதற்குச் சரியான இடம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. சரிவு லேசாக இருக்கவேண்டும். அடியில் சமதரையோ சிறிய ஏற்றமோ இருந்தால், பிள்ளை ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஸ்கீ தானாக நின்றுவிடும். நாலைந்து மீட்டர் தூரம் போதும். நீங்கள் கீழே நின்று பிள்ளையைப் பார்த்தபடி, "பச்சை" என்றால் பிரெஞ்சு ஃப்ரை, "சிவப்பு" என்றால் பீட்சா என்று விளையாடுங்கள். பிறகு சிவப்பு சொல்லும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். எங்கே நிற்பது என்று தானே முடிவு செய்து அங்கேயே நின்றுவிட்டால், முகத்திலேயே தெரியும்.

பிள்ளை பின்னால் சாய்ந்தால் பிரேக் பிடிக்காது. "முன்னால் சாய்" என்று சொன்னால் இடுப்பை மட்டும் வளைக்கும். "பூட்ஸின் நாக்கை முன்னங்காலால் நசுக்கு" என்று சொல்லுங்கள், அல்லது இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இடுப்பில் பட்டை கட்டிப் பின்னாலிருந்து கயிறு பிடிப்பது எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை கயிற்றின் மேல் சாய்ந்துகொள்ளும். பிரேக் போடுவது அப்பா வேலை என்று விட்டுவிடும். முன்நுனிகளை இணைக்கும் ரப்பர்த் துண்டு பரவாயில்லை. நுனிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டே இருந்தால் மாட்டிவிட்டு, பழகியதும் கழற்றிவிடுங்கள்.

படி 4: திரும்புவது

பீட்சாவில் வரும்போது இடது ஸ்கீயை அழுத்தினால் வலப்பக்கம் திரும்பும், வலதை அழுத்தினால் இடப்பக்கம். இதைச் சொல்லிப் புரியவைக்கப் பார்த்தால் இருவருமே குழம்பிப்போவீர்கள். இரண்டு பூட்ஸிலும் வெவ்வேறு நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டி, "இப்போ மஞ்சளை மிதி, இப்போ நீலத்தை மிதி" என்றால் போதும். போகவேண்டிய இடத்தில் கையுறைகளைப் போட்டுவைத்துச் சுற்றிவரச் சொல்லுங்கள். அப்போது பார்வையும் ஸ்கீ நுனியைவிட்டு மேலே எழும்பும்.

படி 5: மேலே போவது

முதலில் மேஜிக் கார்ப்பெட் எனப்படும் ஓடும் பட்டை. நாற்காலி லிஃப்டுக்கு அவசரமே இல்லை. போகும்போது லிஃப்ட் ஊழியர் நிற்கும் பக்கம் பிள்ளையை நிறுத்தி, வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், தயங்காமல் குறைப்பார்கள். தடங்களுக்குக் கடினத்தைப் பொறுத்து நிறக் குறி இருக்கும். எளிதான பச்சைத் தடமாக இருக்கட்டும். பச்சையே இல்லாத இடத்தில் நீலம். கீழே இருப்பவருக்குத்தான் வழி என்பதை அன்றைக்கே சொல்லிவைக்கவேண்டும். மேலிருந்து வருகிறவர்தான் ஒதுங்கவேண்டும்.

நிறையப் பேர் அவசரப்படுவது இங்கேதான். பீட்சா வந்துவிட்டது என்று செங்குத்தான தடத்துக்குக் கூட்டிப்போனால் அங்கே அது தாங்காது. உடம்பு விறைத்து, பின்னால் சாய்ந்து, கத்திக்கொண்டே போகும். அதற்கப்புறம் பழைய குட்டிச்சரிவுக்கே வரமாட்டேன் என்னும். "பயப்பட ஒன்றுமில்லை" என்பதும் உதவாது. "எங்கே பயமா இருக்கு, காட்டு" என்று கேட்டு, அதற்குச் சற்றுக் கீழிருந்து தொடங்குங்கள்.

ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் நிறுத்திவிடுங்கள், பிள்ளை "இன்னும் ஒரு தடவை" என்று கெஞ்சினாலும் சரி. களைத்த காலில்தான் அடிபடும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் ஒரு படி கீழே போய் ஆரம்பியுங்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் திரும்ப வந்துவிடும்.